நாற்பத்தேழு இஃப்

ஜூன் 9

"விடை சரியாத்தானே டீச்சர் வந்திருக்கு. பொறவு எதுக்கு அடிச்சீங்க?"

ஒன்பதாம் வகுப்பு பொன்னுத்தாய் என்னிடம் கேட்ட கேள்வி. வருஷம் 1994. ஒரு குழாய் இருபது நிமிஷத்தில் தொட்டியை நிரப்பும், இன்னொன்று முப்பது நிமிஷத்தில் நிரப்பும், இரண்டையும் திறந்தால் எத்தனை நிமிஷம் என்ற கணக்கு. அவள் சூத்திரத்தைத் தொடவே இல்லை. தொட்டியில் அறுபது குடம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டாள். ஒரு குழாய் நிமிஷத்துக்கு மூன்று குடம், மற்றது இரண்டு குடம். ஐந்து, பத்து, பதினைந்து என்று அறுபது வரை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பன்னிரண்டு வரி எழுதியிருந்தாள். விடை பன்னிரண்டு நிமிஷம். சரியான விடை. நான் பக்கம் முழுக்கக் குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

அன்று என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. "போய் உட்காரு" என்றிருப்பேன்.

இன்று அது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், எங்கள் 'எழுதிப் பழகு' குழுவில் ஒரு பெண் போட்ட கணினி நிரலைப் பார்த்ததால்தான். நாளை எழுதுகிறேன். இப்போது என் வீட்டுக்காரர் மரியதாஸுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடும் நேரம். கண்புரை அறுவை முடிந்து இது மூன்றாம் நாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை, இரண்டு மருந்து, இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிஷ இடைவெளி. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர், ஒரு சொட்டுக்கு இப்படிக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

ஜூன் 10

குழுவைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். இணையத்தில் தமிழிலேயே நிரல் எழுதப் பழகுகிறவர்கள் கூடும் இடம். பதினோராயிரம் பேர். ஓய்வு பெற்ற மறுவருஷம் நானும் சேர்ந்து பைத்தான் என்ற கணினி மொழி பழகினேன். என் முதல் கேள்விக்கு வந்த பதில்: "அடிப்படையைப் படிச்சிட்டு வாங்க சார்." சார் என்று வேறு. ஆனாலும் விடவில்லை. போன வருஷம் சரிபார்ப்பாளர் ஆக்கினார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டை. பச்சைப் பட்டை உள்ளவர் 'சரி' என்று சொன்னால்தான் ஒரு நிரல் சரிபார்த்த நிரல் ஆகும்.

நேற்று நிரல் போட்டவர் பெயர் செண்பகவல்லி. 'இஃப்' என்பது கணினிக்கு "இப்படி இருந்தால் இதைச் செய்" என்று சொல்லும் வரி. பழகியவர்கள் நாலைந்தில் முடிப்பதற்கு இவர் நாற்பத்தேழு இஃப் எழுதியிருந்தார். அதுவும் எல்லாம் காய்கறி. கத்தரி வந்தால் ஒன்று, முருங்கை வந்தால் மூன்று, திங்கள் என்றால் சுரைக்காய் காலையில். கீழே ஒரே ஒரு வரி: "சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க, அவசரம்."

தீப்பொறி என்ற பெயரில் ஒரு சரிபார்ப்பாளர் இருக்கிறார். வேகமானவர், கெட்டிக்காரர். அவர் எழுதியது: "இது நிரலா, மளிகைச் சீட்டா? கால் கிலோ தக்காளியும் சேர்த்துக்குங்க." அறுபத்திரண்டு பேர் சிரித்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அப்படிப் பேசக்கூடாது என்று அங்கேயே எழுதினேன். இந்தப் பெண்ணுக்கு நான் ஒழுங்காகச் சொல்லித் தருவேன்.

ஜூன் 11

செண்பகவல்லிக்குப் பதில் எழுதினேன். முயற்சியைப் பாராட்டினேன். கொஞ்சம் திருத்தியும் கொடுத்தேன். நாற்பத்தேழு இஃப் இருந்த இடத்தில் இப்போது மொத்தமே ஒன்பது வரி. ஒவ்வொரு வரிக்கும் விளக்கம். இட்லித் தட்டை உதாரணம் காட்டினேன்: ஒவ்வொரு இட்லிக்கும் ஒரு அடுப்பு மூட்டுவதில்லையே.

குழுவில் பலர் பாராட்டினார்கள். "டீச்சர்னா டீச்சர்தான்" என்று ஒருவர்.

மீன் வாங்கினேன். மரியதாஸ் குனிந்து தலை கழுவக்கூடாது என்பதை மறந்து குனிந்தார். சத்தம் போட்டேன்.

ஜூன் 12

செண்பகவல்லியிடமிருந்து பதில் இல்லை.

ஜூன் 14

புது விதி வந்திருக்கிறது. குழுவைத் தொடங்கியவர் நவநீதன், சென்னையில் மென்பொருள் வேலை. இனி ஒரு நிரலுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் செலவிடக்கூடாதாம். நீண்ட பதில் கூடாது, கொடுத்திருக்கும் ஐந்து முத்திரைகளில் ஒன்றைக் குத்தினால் போதும். முத்திரை ஒன்று, கேள்வி தெளிவில்லை. நான்கு, அடிப்படையைப் படித்துவிட்டு வரவும். ஐந்து, முழுதும் மாற்றி எழுதவும். மீறினால் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை வந்தால் பச்சைப் பட்டை போய்விடும்.

மதியமே எனக்கு முதல் எச்சரிக்கை. ஒரு பையனுக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டேனாம். ஆமாம், எழுதினேன். அவன் கேட்டதே ஒரு பக்கம்.

ஜூன் 16

செண்பகவல்லி பதில் போட்டார். "ரொம்ப அழகா இருக்கு டீச்சர். நன்றி. எனக்கு இது வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன். இதோட விட்டுடுறேன்."

மரியதாஸுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தீப்பொறி பேசிய பேச்சில் மனசு உடைந்துவிட்டது பாருங்கள் என்றேன்.

அவர் ஒரு கண்ணில் கவசத்தோடு கட்டிலில் கிடந்தார். "தீப்பொறி பேசுனது ஒன்பதாந்தேதி. அது விடுதேன்னு சொல்லுதது இன்னைக்கு. நடுவுல நீ என்ன அனுப்புன?"

"திருத்திக் கொடுத்தேன்."

"எத்தனை வரி அவளோடது மிச்சம் இருக்கு?"

போனில் என் ஒன்பது வரியை மறுபடி திறந்து பார்த்தேன்.

"முழுசும் நீயே எழுதிட்டியா டீச்சர்?" என்று சிரித்தார். "நான் கிரேன் பழகும்போது பிச்சையா மேஸ்திரின்னு ஒருத்தர். தங்கமான மனுஷன். ஒரு வார்த்தை வைய மாட்டார். நான் லீவரைத் தொட்டா, 'இப்படி விடு தம்பி'ன்னு வாங்கிக்கிடுவார். பெட்டி பூ மாதிரி இறங்கும். ஆறு மாசம் எனக்கு ஒண்ணும் வரல. அடுத்து வந்தவன் வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை. ஆனா லீவரை என் கையிலேயே விட்டான்."

"அப்ப வைதால்தான் வரும்னு சொல்றீங்களா?"

"வையவும் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம்னு சொல்லுதேன். சொட்டு மருந்துக்கு நேரமாச்சு."

ஜூன் 17

காலையில் இரண்டு நிரலையும் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். செண்பகவல்லியுடையதை இப்போதுதான் முதல் தடவையாக ஓட்டுகிறேன். இதை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இரண்டும் ஒரு வாரத்துக்கான அட்டவணையைத் தருகின்றன. இரண்டும் ஒன்றாக இல்லை. அவருடையதில் பாகற்காய் எப்போதும் ஆறாவது இடத்தில், தனியாக. ஆறாம் இடம் மற்ற நேரமெல்லாம் சும்மா கிடக்கிறது. என்னுடையதில் ஆறாம் இடம் சும்மா இல்லை. வெண்டை, அவரை, பூசணி என்று நிரம்பியிருக்கிறது. அவர்தான் எங்கோ தவறு செய்திருக்கிறார் என்று நினைத்து, அவருடைய போன் எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசினேன்.

"பாகற்காய் ஏம்மா எப்பவும் ஆறுல?"

"அது காய் இல்ல டீச்சர். ஆளு."

ஒரு மலையடிவார ஊரில் தர்ம டயாலிசிஸ் மையத்தில் செண்பகவல்லி டெக்னீஷியன். வயது முப்பத்துநாலு. இயந்திரம் ஆறு, நோயாளிகள் இருபத்தெட்டு பேர். ஆளுக்கு வாரம் இரண்டு முறை இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். யாரை எந்த நாளில், எந்த இயந்திரத்தில் போடுவது என்பதைக் கரும்பலகையில் எழுதி அழித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கணினியில் செய்யத்தான் இவர் இந்த நிரலை எழுதியிருக்கிறார்.

"நோயாளி பேரை வெளியில போடக்கூடாதுல்லா டீச்சர். அதான் காய் பேரு வச்சேன். இருபத்தெட்டு காய்க்கு எங்க போக? கடைசி மூணு கீரை."

"பாகற்காய்க்கு என்ன?"

"அவருக்கு மஞ்சக்காமாலை பி. அவர் மெஷின்ல வேற ஆளைப் போட்டா அது பரவிரும். ஆறாவது அவருக்குன்னே ஒதுக்கினது. நீங்க அனுப்புனதை ஓட்டி வந்த லிஸ்ட்டுல வெண்டைக்காயை ஆறுல பாத்ததும் எனக்குப் பக்குன்னு ஆயிட்டு."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீங்க டீச்சர்ல்லா. நாந்தான் எங்கயோ தப்பா எழுதிட்டேன்னு நெனச்சேன்."

நாற்பத்தேழு இஃபும் எதற்கென்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முருங்கைக்குக் காலை பத்து மணிக்குத்தான் மலையிலிருந்து பஸ். சுரைக்காய் வலது கண் தெரியாதவர், சுவர் ஓரத்து இயந்திரம்தான் வேண்டும். கொத்தவரையும் புடலையும் பெண்டாட்டி புருஷன், ஒரே நேரத்தில் போட வேண்டும். நான் தூக்கி எறிந்த வரி ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

அவசரம் என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டேன். போன மாதம் பலகையில் ஒரு பெயர் அழிந்துபோய், நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மறுநாள் அவர் மூச்சுத்திணறலோடு வந்தாராம். ஜூலை ஒன்றிலிருந்து புது அட்டவணை. விவரம் தெரிந்த யாராவது நிரலைச் சரிபார்த்துக் கொடுத்தால் பயன்படுத்தலாம், இல்லாவிட்டால் பலகையே போதும் என்று தலைமை நர்ஸ் குணவதி சொல்லிவிட்டார்.

"ஜூலை ஒண்ணுக்குள்ள முடிச்சிரலாம்" என்றேன்.

"நான்தான் விட்டுட்டேனே டீச்சர்."

"நான் விடலையே" என்றேன்.

ஜூன் 18

குழுவில் எழுதினேன்: "செண்பகவல்லிக்கு நான் அனுப்பிய ஒன்பது வரி அழகாக இருந்தது. தவறாகவும் இருந்தது. அவருடைய நிரலை ஓட்டிப் பார்க்காமலேயே மாற்றிவிட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். அவருடைய நாற்பத்தேழு இஃபும் ஏன் இருக்கின்றன என்று கீழே எழுதுகிறேன்." அவரிடம் அனுமதி கேட்டு, ஊர் பெயர் இல்லாமல், இரண்டு பக்கம் எழுதினேன்.

இரண்டாவது எச்சரிக்கை.

சாயங்காலம் நவநீதனே போன் செய்தார். மரியாதையான பையன். "டீச்சர், உங்க அக்கறை புரியுது. ஆனா ஒரு நாளைக்கு நூத்தம்பது நிரல் வருது. ஒவ்வொண்ணையும் ஓட்டிப் பாத்து, போன் பண்ணி… நடக்கிற காரியமா?"

"எல்லாத்துக்கும் போன் பண்ணலையே. ஓட்டிப் பார்க்கத்தான் சொல்றேன்."

"அந்த நிரலுக்கு முத்திரை அஞ்சு. குத்தி மூடிடுங்க. முழுசும் மாத்தி எழுதணும்ங்கறதுதான் யார் பாத்தாலும் சொல்ற பதில்."

"மாத்தி எழுதிப் பாத்தேன் தம்பி. அதான் தப்பாப் போச்சு."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் டீச்சர்."

"எனக்கும் பொருந்தட்டும். பட்டையை எடுத்துக்கோங்க."

போனை வைத்துவிட்டு மரியதாஸுக்குச் சொட்டு மருந்து விடப் போனேன்.

ஜூன் 20

இப்போது பதில் எழுதும் விதத்தை மாற்றியிருக்கிறேன். முதலில் ஓட்டுகிறேன். எது சரியாக நடக்கிறது என்று வரி எண்ணோடு எழுதுகிறேன். பிறகு ஒரே ஒரு கேள்வி. வரியைத் தொடுவதில்லை.

செண்பகவல்லியிடம் இன்று கேட்டது: "நாலாவது மெஷின் ரிப்பேர் ஆனால் உங்கள் நிரல் என்ன செய்யும்?"

ஒரு மணி நேரம் கழித்துப் பதில்: "அது பாட்டுக்கு நாலுலயே ஆளைப் போடுது டீச்சர்! இதை எப்படி விட்டேன்?" அதற்குள் அவரே திருத்தியும் அனுப்பியிருந்தார். மேலும் இரண்டு இஃப். இதோடு விட்டுடுறேன் என்று சொன்னதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஜூன் 21

அலமாரி துடைத்தேன். 94-ம் வருஷத்து வகுப்புப் படம் அகப்பட்டது. பொன்னுத்தாய் இரண்டாம் வரிசை, கடைசி. பதினொன்றாம் வகுப்பில் அவள் கணக்குப் பிரிவு எடுக்கவில்லை என்று யாரோ சொன்ன ஞாபகம். எத்தனையோ காரணம் இருந்திருக்கும். படத்தை உள்ளே வைத்துவிட்டேன்.

பிறகு வெளியே எடுத்து மேசையில் வைத்தேன்.

ஜூன் 22

மூன்றாவது எச்சரிக்கை, மறுபடியும் நீண்ட பதிலுக்கு. பட்டை போய்விட்டது.

"ரெண்டாவது ரிட்டையர்மென்டு" என்றார் மரியதாஸ். "இதுக்கும் மாலை மரியாதை உண்டா?"

சிரித்தேன். ஆனால் கண்ணாடி முன்னால் நின்றபோது சிரிப்பு இல்லை. இப்போது நான் 'சரி' என்று சொன்னால் அது சரிபார்த்த நிரல் ஆகாது. ஜூலை ஒன்றுக்கு இன்னும் ஒன்பது நாள்.

ஜூன் 23

சாதாரண உறுப்பினர் எழுதக்கூடாது என்று விதி இல்லை. படித்துப் பார்த்துவிட்டேன்.

எழுதினேன்: "செண்பகவல்லியின் நிரல் இது. இப்போது ஐம்பத்தொரு இஃப். நீளம் என்று எல்லாருக்கும் தெரியும், மறுபடி சொல்ல வேண்டாம். ஓட்டிப் பார்த்தவர்கள் மட்டும் பதில் எழுதவும். இது தவறினால் ஒரு நோயாளி திரும்பிப் போவார், அல்லது அதைவிட மோசமாக நடக்கும். தவறு கண்டுபிடித்தால் எந்த வரி, என்ன கொடுத்தீர்கள், என்ன வந்தது என்று எழுதுங்கள். தீப்பொறி, உங்களையும்தான் சொல்கிறேன். உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கேலி செய்ய ஆகும் நேரத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாம்."

ஒருவர்: "பட்டை போனதும் டீச்சர் பயங்கர ஃபார்ம்ல இருக்காங்க."

இன்னொருவர்: "டீச்சர், ஹோம்வொர்க்கா இது?"

"ஆமாம். நாளைக்குள் முடித்துக் காட்டவும்" என்று போட்டேன்.

ஜூன் 24

ஏழு பேர் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கு எப்படி ஓட்டுவது என்றே தெரியவில்லை. அதையும் கேட்டுக் கற்றுக்கொண்டார்கள். தவறு எதுவும் அகப்படவில்லை. தீப்பொறியிடமிருந்து ஒன்றும் இல்லை.

மரியதாஸுக்குச் சொட்டு நாலு தடவையாகக் குறைந்தது.

ஜூன் 26

தீப்பொறி எழுதியிருக்கிறார். முழுதாகவே எடுத்து எழுதுகிறேன்.

"ஓட்டினேன். கணவன் மனைவியைச் சேர்த்துப் போடும் பகுதி நன்றாக வேலை செய்கிறது, எனக்கு அந்த யோசனை வந்திருக்காது. ஒரு பிழை. பெயரைத் தட்டும்போது கடைசியில் தெரியாமல் ஒரு இடைவெளி விட்டால், பாகற்காய் என்பதை நிரல் பாகற்காயாகவே பார்ப்பதில்லை. அவரைச் சாதாரண ஆளாக நினைத்து இரண்டாவது இயந்திரத்தில் போடுகிறது. மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்று முறையும் இரண்டு. தெரியாத பெயர் வந்தால் நிரல் என்ன செய்ய வேண்டும்?"

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நானும் ஓட்டினேன், ஏழு பேரும் ஓட்டினார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. நாங்கள் எல்லோரும் பெயரைச் சரியாகவே தட்டியிருக்கிறோம். அவர் மட்டும் வேலைக்களைப்பில் ஒருத்தி எப்படித் தட்டுவாளோ அப்படித் தட்டிப் பார்த்திருக்கிறார். ஒன்பதாம் தேதி அவர் இதைச் செய்திருந்தால் என்று நினைத்தேன். ஒன்பதாம் தேதி நான் செய்திருந்தால் என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

செண்பகவல்லி போன் செய்தார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "டீச்சர், தக்காளி கேட்டவரு கேள்வி கேட்டிருக்காரு பாத்தீங்களா!"

"என்ன பதில் சொல்லப் போறீங்க?"

"தெரியாத பேரு வந்தா யாரையும் எங்கயும் போடக்கூடாது. நின்னு, 'இது யாருன்னு சொல்லு'ன்னு கேக்கணும். எழுதிட்டேன் டீச்சர். அம்பத்துமூணு இஃப் ஆயிருச்சு. பரவால்லயா?"

"எனக்குப் பரவாயில்லை. உங்களுக்கு?"

"எனக்கு ஒவ்வொண்ணும் என்னன்னு தெரியும்."

ஜூன் 27

தீப்பொறி பச்சைப் பட்டையோடு 'சரி' என்று குறித்துவிட்டார். எந்த முத்திரையும் குத்தவில்லை. அவருக்கு முதல் எச்சரிக்கை வந்திருக்கிறது. "வாங்கியாச்சு டீச்சர்" என்று எனக்குத் தனியாக ஒரு வரி.

ஜூன் 29

தலைமை நர்ஸ் குணவதி, நிரல் தந்த பட்டியலையும் பலகையையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயராகக் கையால் ஒப்பிட்டாராம். இரண்டு மணி நேரம். பலகையில்தான் ஒரு தவறு இருந்தது. "முதல் மாசம் நான் தினமும் பாத்துக் கையெழுத்துப் போட்ட பொறவுதான் சுவத்துல ஒட்டணும்" என்று சொல்லி ஒத்துக்கொண்டார். ரொம்பச் சரியான அம்மா.

ஜூலை 1

மதியம் செண்பகவல்லி ஒரு படம் அனுப்பினார். சுவரில் பட்டியல். பெயர்களை மறைத்திருந்தார். கீழே: "காலையில வந்த ஆறு பேருக்கும் இடம் இருந்தது. யாரும் திரும்பிப் போகல. முருங்கை பஸ்ஸு இன்னைக்கு லேட்டு, அதுக்கும் ஒரு இஃப் போடணும்."

மரியதாஸின் கவசத்தை எடுத்தாயிற்று. என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "முடி இவ்வளவு வெள்ளையாவா இருந்துச்சு?" என்றார். சொட்டு மருந்தை நீங்களே விட்டுக்கொள்ளுங்கள் என்று கையில் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 3

நவநீதன் மறுபடி பேசினார். முத்திரைகளை மட்டும் பயன்படுத்துவதாகச் சொன்னால் பட்டையைத் திருப்பித் தருகிறாராம். வேண்டாம் என்றேன். பட்டை இல்லாமல் இந்தப் பத்து நாளில் முப்பத்தொரு நிரலை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். பல பதில்கள் பத்து நிமிஷத்துக்குள்ளேயே முடிந்தன. சில முடியவில்லை. அவை முடியும்போது முடியட்டும்.

"இப்படியே எழுதிக்கிட்டிருந்தா குழுவுல இருந்தே எடுக்க வேண்டியிருக்கும் டீச்சர்."

"எடுங்க தம்பி. வேற பேர்ல வருவேன். கத்தரிக்காய்னு வருவேன்."

அவர் சிரித்துவிட்டார். எடுப்பாரா மாட்டாரா என்று தெரியவில்லை.

இந்தக் குறிப்புகளைச் செண்பகவல்லிக்கும் தீப்பொறிக்கும் அனுப்பிப் படிக்கச் சொன்னேன். இருவரும் போடலாம் என்றார்கள். ஒரு வரியும் நீக்காமல் இன்று குழுவில் போடுகிறேன். என் ஒன்பது வரியும் இதில் இருக்கிறது, சிவப்புக் கோடும் இருக்கிறது.

பொன்னுத்தாய், நீ எங்கே இருக்கிறாயோ தெரியாது. விடை சரியாகத்தான் வந்திருந்தது. அந்தப் பன்னிரண்டு வரியை நான் படிக்கவே இல்லை. அதனால்தான் அடித்தேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். அடுத்து யாராவது தான் எழுதியதை உங்களுக்கு அனுப்பினால், பதிலில் ஒரு எழுத்து தட்டுவதற்கு முன், அதை அவர் அனுப்பியபடியே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.